டப்பா சாரும் அம்பு மேடமும்

என் அத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "தங்கமான மனுஷன், ஆனால் வீடு மாற்றும்போது மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்பேன். வீடு மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். ஒரு மூடிய வண்டி, இரண்டு ஆட்கள், நிறையக் கயிறு. எத்தனையோ குடும்பங்களின் பீரோவையும் அதோடு சேர்ந்து வரும் கோபத்தையும் மாடிப்படி ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

அத்தான் கல்லூரியில் கணித ஆசிரியர். அவர் நடத்துவது கணக் கோட்பாடு. கணம் என்றதும் பயப்பட வேண்டாம். சில பொருள்களை ஒன்றாகப் போட்டு மூடிய ஒரு டப்பாவை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு அடையாளம். டப்பாவின் நிறம், மூடி, யார் வாங்கியது, எதுவும் கணக்கில் சேராது. மொத்தக் கணிதத்தையும் இந்த டப்பாக்களை வைத்தே அடியிலிருந்து கட்டிவிடலாம் என்பது அத்தானின் நம்பிக்கை. நம்பிக்கை என்று அவர் காதுபடச் சொன்னால் அடிக்க வருவார். அது நிரூபணமாம்.

என் அக்காவும் அதே கல்லூரியில் கணிதம்தான் நடத்துகிறாள், ஆனால் எதிர்க்கட்சி. அவளுடையது வகைக் கோட்பாடு. அவள் கணிதத்தில் டப்பாவைத் திறந்து பார்ப்பதே நாகரிகமில்லாத வேலை. ஒரு பொருளிலிருந்து எங்கெங்கே போகலாம், எங்கெங்கிருந்து அதற்கு வரலாம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டால் போதும், அந்தப் பொருளைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிக்கூட அவள் அப்படித்தான் தெரிந்துகொள்வாள். உள்ளே போக மாட்டாள், ஆனால் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவளுக்கு அத்துப்படி.

மாணவர்கள் அவரை டப்பா சார் என்பார்கள், இவளை அம்பு மேடம் என்பார்கள். இரண்டு பேருக்கும் இது தெரியும். அடுத்தவருக்கு வைத்தது கேலிப் பெயர், தனக்கு வைத்தது பட்டம் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் காலை டீயோடு சண்டை ஆரம்பிக்கும். எந்தக் கோட்பாடு எதற்குள் அடங்கும் என்பதுதான் விஷயம். "உன் அம்பு எங்கிருந்து கிளம்புது? ஒரு கணத்துலேர்ந்து. எங்க போய்ச் சேருது? இன்னொரு கணத்துக்கு. என் டப்பா இல்லேன்னா உன் அம்புக்கு நிக்க இடமே கிடையாது" என்பார் அத்தான். "உங்க டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து என்கிட்ட ஒரே ஒரு உதாரணம். அதுவும் முதல் பாடத்துல வர்ற உதாரணம்" என்பாள் அக்கா. "எல்லா டப்பாவுமா? எல்லா டப்பாவையும் போட்டு வைக்க ஒரு டப்பா கிடையாதே. எங்க கொண்டு போய் வைப்ப?" என்று அவர் மடக்குவார். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அத்தான் பக்கம். எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிற வண்டி ஒன்று இருந்தால் அந்த வண்டியையும் அதிலேயே ஏற்ற வேண்டியிருக்கும், தொழில் தெரிந்த எவனும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான். அக்கா மட்டும் அசர மாட்டாள். "எதுக்கு வைக்கணும்? நடந்து போயிட்டே இருக்கட்டும்" என்பாள்.

அத்தானிடம் ஏழு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது குடம் அளவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது சின்ன தேயிலை டப்பா. அந்தத் தேயிலை டப்பாவில் "வெற்று" என்று எழுதி ஒட்டியிருப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பெரிய டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். கடைசியாகத் தேயிலை டப்பாவைத் திறந்து தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒன்றும் விழாது. "இதுதான் பூஜ்ஜியம். ஒண்ணுமே இல்லாத கணம். இதை உள்ளே வச்சிருக்கிற டப்பா ஒண்ணு. அதை உள்ளே வச்சிருக்கிற டப்பா ரெண்டு. இப்படியே போனா எண்கள் எல்லாம் வந்துடும். எண்கள் வந்தாச்சுன்னா மீதிக் கணக்கும் வந்துடும். எல்லாம் இந்த ஒண்ணுமில்லாததுலேர்ந்து வந்தது." இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக நடுங்கும். முப்பது வருடமாகச் சொல்கிறார், முப்பது வருடமாக நடுங்குகிறது. கூத்துதான், ஆனால் மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் என்று அக்காவே ஒப்புக்கொள்வாள்.

போன வருடம் அவர்கள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். அதே வாரத்தில் கல்லூரியில் துறைத் தலைவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கணக் கோட்பாடு, வகைக் கோட்பாடு இரண்டுமே விருப்பப் பாடங்கள், இரண்டிலும் கூட்டம் குறைந்துவிட்டது, இனி ஒன்றுதான் நடக்கும். ஒரு நாள் இரண்டு பேரும் மாணவர்களுக்கு முன்னால் ஆளுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும், யாருக்கு அதிகப் பேர் கை தூக்குகிறார்களோ அவருடைய பாடம் நிற்கும். மற்றவர் வணிகவியல் மாணவர்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் அத்தான் என்னிடம், "டப்பாவைத் திறக்க வேண்டிய வேலையே இருக்காது, மாப்பிள்ளை" என்றார். வட்டிக் கணக்குகூட அவருக்குப் பெரிதில்லை. அந்த முதல் வகுப்பு போய்விடுமே என்பதுதான் பயம்.

அக்காவிடம், "நீ கொஞ்சம் சுமாராப் பேசிடேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேணும்னே தோத்தேன்னா அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார்டா. அப்புறம் அந்த வீட்டுல மனுஷி குடியிருக்க முடியுமா?" என்றாள். அவளுக்கும் ராத்திரித் தூக்கம் இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் வீடு மாற்றினோம். அத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் எழுதி ஒட்டினார். கரண்டி எத்தனை, அதில் காம்பு ஆடுகிற கரண்டி எத்தனை என்பது வரைக்கும். அக்கா பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அம்பு போட்ட சீட்டுகளை ஒட்டிக்கொண்டே போனாள். "சமையலறை → சமையலறை", "வரவேற்பறை → மாடி அறை". சுமக்கிறவர்களுக்கு அக்காவின் முறைதான் வசதி, என் ஆட்கள் அம்பைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். பிரிக்கிறவர்களுக்கு அத்தானின் முறை வசதி. இரண்டில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. இவர்கள் ஒரே வீட்டுக்குள் இரண்டு அரசாங்கம் நடத்தினார்கள்.

கடைசியாகக் கட்டிலைக் கழற்றினேன். எட்டு போல்ட்டுகள். வழக்கம்போல கைக்குக் கிடைத்த காலுறைக்குள், அத்தானுடையது, போட்டுச் சுருட்டி, "அக்கா, இதைப் பத்திரமா வை" என்று கொடுத்தேன். இரும்புச் சாமானைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் கடகடவென்று உயிரை வாங்கும்.

அந்த வீட்டிலேயே பத்திரமான பொருள் எது? அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அத்தான் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வரப்போகிற டப்பாக்களில், எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்ததில் வைத்துவிட்டாள். உள்ளே என்ன இருந்தால் என்ன, எது எங்கே போகிறது என்பதுதானே முக்கியம்? பிஸ்கட் டப்பாவின் மேல் "கட்டில் → கட்டில்" என்று ஒரு சீட்டும் ஒட்டினாள். பத்து நிமிடம் கழித்து அத்தான் வந்து பார்த்தார். தன் டப்பாவைக் கட்டில் என்று சொன்னது யார் என்று அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புது வீட்டில் எல்லாம் வந்து சேர்ந்தது, போல்ட்டைத் தவிர.

அக்கா அம்பைத் தேடினாள். "கட்டிலுக்குப் போற அம்பு ஒண்ணு போட்டேனே, எந்தப் பெட்டியில போட்டேன்?" என்று அறை அறையாக அலைந்தாள். பெட்டியை அவளுக்கு நினைவில்லை, அம்பைத்தான் நினைவிருந்தது. அத்தான் தான் எழுதிய சீட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தார். எதிலும் போல்ட்டு என்று எழுதியிருக்கவில்லை. தேயிலை டப்பாவை அவர் திறக்கவே இல்லை. ஏன் திறக்க வேண்டும்? "வெற்று" என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறதே.

மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தார்கள். இரண்டாம் நாளே அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "கடையில போய் வேற எட்டு வாங்கிட்டு வாடா, முடிஞ்சது வேலை" என்றாள் அக்கா.

"அது இந்தக் கட்டிலோட போல்ட்டு இல்லை" என்றார் அத்தான், தரையில் மல்லாந்தபடியே.

"அதே நீளம், அதே மரை, அதே தலை. ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"ஒரே மாதிரி வேற, ஒண்ணேதான் வேற. வீட்டுக்குள்ள இருக்கிற பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா? இங்கதான் இருக்கு. இருந்தே ஆகணும்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அளவு பார்க்கலாம் என்று கடையிலிருந்து ஒரே ஒரு போல்ட்டு வாங்கிவந்து கட்டில் சட்டத்தில் நுழைத்துக் காட்டினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். படித்தவர்கள் தரையில் படுக்க ஆசைப்பட்டால் நாம் என்ன செய்ய முடியும்?

பேச்சு நாளன்று டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அத்தானால் குனிய முடியாது, தூக்கவும் முடியாது. வகுப்பறை நிறைந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மோதுகிறார்கள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? துறைத் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு. நான் கடைசி பெஞ்சில்.

அத்தான்தான் முதலில். பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். பேச்சு அடங்கியது. ஒவ்வொரு மூடிக்கும் பின் பெஞ்சுக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். தேயிலை டப்பாவைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடித்தபோது ஊசி விழுந்தால் கேட்கும். முதுகு வலியில் அதன் கனம்கூட அவருக்கு உறைக்கவில்லை. "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லை" என்றார், குரல் நடுங்க. மூடியைத் திறந்து கவிழ்த்தார்.

அவருடைய பழுப்புக் காலுறை மேஜைமேல் விழுந்தது. அது மெல்லப் பிரிந்து, அதிலிருந்து போல்ட்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு தரையில் விழுந்தன.

கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. துறைத் தலைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அந்த முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து பொறுக்கவும் முடியாமல், நிமிர்ந்து பேசவும் முடியாமல், திறந்த டப்பாவோடு நின்றார்.

அக்கா எழுந்தாள். இன்னும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அவள் ஜெயித்தாயிற்று. அவளோ தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த ரொட்டியை எடுத்துத் துறைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, காலி டப்பாவோடு மேடைக்குப் போனாள்.

"இந்தாங்க. காலி."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "இது... என் டப்பா இல்லையே."

"உங்க விதிப்படியே சொல்லுங்க. உள்ளே ஒண்ணுமே இல்லாத கணம் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா?"

"இல்லை. ஒண்ணுமில்லாத கணம் ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன? மேல நடத்துங்க."

அத்தானுக்கு மூச்சு வந்தது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம். "நீ இப்ப என் கோட்பாட்டைப் பேசுற" என்றார்.

"ஆபத்துக்குப் பேசறேன். பெருமைப்பட்டுக்காதீங்க."

சாப்பாட்டு டப்பா அடுத்த டப்பாவுக்குள் போகவில்லை. அதற்கடுத்ததிலும் போகவில்லை. மூன்றாவதில்தான் போனது. "ஒண்ணும் ரெண்டும் இல்லாம நேரா மூணுக்கு எப்படிப் போறது?" என்று அத்தான் தவித்தார்.

"அதையே ஒண்ணுன்னு வச்சுக்கோங்க."

"மூணை ஒண்ணுன்னு வச்சுக்கறதா? நடக்கிற காரியமா?"

"எது எதுக்கு அப்புறம் வருதுங்கறதுதானே எண்ணு? காலிக்கு அடுத்து வர்றது ஒண்ணு. அது எந்தத் தகரமா இருந்தா உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? ஒண்ணுங்கறது என்னன்னே சொல்லாம அதுக்கு அப்புறம் ரெண்டு வருதுன்னு எப்படிச் சொல்லுவ?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. காலை டீ சண்டை முழுவதும் மேடையேறியது. அவர் டப்பாவைத் தட்டிக் காட்டினார், இவள் பலகையில் அம்பு போட்டாள். அவர் அம்பின் வாலைக் காட்டி, அங்கே ஒரு கணம் நிற்கிறது பார் என்றார். இவள் டப்பாக்களை ஒரு பெரிய வட்டத்துக்குள் புள்ளிகளாக வரைந்து, இதோ உங்கள் ராஜ்யம் என்றாள். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். துறைத் தலைவர் ரொட்டியைச் சாப்பிட்டே விட்டார். அக்காவின் அரை மணி நேரமும் அதிலேயே கரைந்து போய், மணி அடித்தபோதுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அம்புக்குத் தூக்கினார்கள்.

நான் போல்ட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கட்டிலைப் பூட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பையில் ஒன்பது போல்ட்டுகள் இருந்தன. கடையில் வாங்கியதும் அதில் கலந்துவிட்டது.

"கடை போல்ட்டைத் தனியா எடு, மாப்பிள்ளை" என்றார் அத்தான். நான் பார்த்தேன். அக்கா பார்த்தாள். அத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "எட்டைப் பூட்டு" என்றார். எந்த எட்டு என்று நான் கேட்கவில்லை. மீந்ததை அவர் கையில் கொடுத்தேன். வட்டிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே அத்தான் உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன மனிதரை அவ்வளவு பக்கத்தில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

பருவம் தொடங்கிய அன்று காலையில் அக்கா போன் செய்தாள். "டேய், அந்த ஏழு டப்பாவையும் ஏத்திட்டுக் காலேஜுக்கு வா. கேள்வி கேக்காதே."

போனேன். அவளுடைய வகுப்பு. வாசலில் அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார், வட்டிக் கணக்கு வகுப்பு மத்தியானம்தானாம். அக்கா மாணவர்களிடம் சொன்னாள்: "இந்தப் பாடத்துல முதல் உதாரணம் கணங்கள். அது இல்லாம நான் ஒரு அடி நகர முடியாது. அதை எனக்கு ஒழுங்காச் சொல்ல வராது. சொல்லத் தெரிஞ்சவர் வந்திருக்கார். வருஷா வருஷம் வருவார்."

அத்தான் உள்ளே போனார். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஆரம்பித்தார். அதே நிதானம், அதே அமைதி. தேயிலை டப்பாவைக் கையில் எடுத்ததும் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நானும்தான்.

"முப்பது வருஷமா இதைத் திறக்கிறதுக்கு முன்னாடியே உள்ளே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றார். கவிழ்த்தார். ஒரு போல்ட்டு டங்கென்று மேஜையில் விழுந்தது. "இது என் கட்டிலோட போல்ட்டா, கடை போல்ட்டான்னு எனக்குத் தெரியலை. தெரியாமலே கட்டில் ஆடாம நிக்குது, நானும் நல்லாத் தூங்கறேன். இதை இப்படி எடுத்துத் தனியா வச்சுட்டா, இப்ப டப்பா காலி. பூஜ்ஜியம் இங்கேர்ந்து ஆரம்பிக்குது." குரல் நடுங்கியது, எப்போதும்போல.

வகுப்பு முடிந்து டப்பாக்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். போல்ட்டு மறுபடி தேயிலை டப்பாவுக்குள் போயிருந்தது. டப்பாமேல் "வெற்று" சீட்டு இல்லை. அந்த இடத்தில் வேறு ஒரு சீட்டு, அத்தானின் கையெழுத்தில்: "கட்டில் ← கட்டில்". பாவம், அம்பு போட்டுப் பழக்கமில்லை, தலைகீழாகப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் கட்டிலே இருந்ததால் தப்பாகவும் இல்லை. அக்காவிடம் காட்டினேன். அவள் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு, உள்ளே வைடா" என்றாள்.